இருபத்தெட்டு நாளைக்கு ஒருதடவ

நான் எழுதலன்னு எப்பச் சொன்னேன். எழுதுனேன், நான்தான் எழுதுனேன், அந்தக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல உள்ள ஒவ்வொரு எழுத்தும் என் வெரல் அடிச்சதுதான், டிடிபி கடைக்காரர எந்திரிங்க அண்ணாச்சின்னு சொல்லிட்டு அவரு சேர்ல நானே உக்காந்து அடிச்சேன், போதுமா. ஆனா அக்கா, ஒரு பக்கத்து ஆளு பேசிட்டு போன வச்சுட்டா வழக்கு முடிஞ்சிருமா. நேத்து சாயங்காலம் என் கூட்டாளி ரஹ்மத் போனுக்குக் கூப்பிட்டு ஆவுடைகிட்ட குடுன்னு கேட்டிருக்க, பதினாலு மாசம் கழிச்சு ஒன் குரல், நீ வயித்துல பிள்ள, எட்டாம் மாசம்னு ஆரம்பிச்ச, நல்லாருக்கியாட்டின்னு ஒரு வார்த்த கெடையாது, நேரா போஸ்டருக்கு வந்துட்ட. திருப்பூர்ல ஒன் கம்பெனியில நம்ம ஊருக்காரி ஒருத்தி சேந்திருக்காளாம், அவ போன்ல காட்டுனாளாம், செண்பகம், தோற்றம் இன்ன தேதி, மறைவு இன்ன தேதி. நீ வீட்ட விட்டுப் போன தேதிய மறைவுன்னு போட்டது யாரு மூளைன்னு கேட்ட. அது அப்பா மூளை. அடிச்ச வெரல் மட்டுந்தான் என்னது. பாத்தியா, இந்த இடத்துல எனக்கே நாக்கு வழுக்குது, வெரல் மட்டுந்தான்னு சொல்லிட்டு நான் தப்பிக்கப் பாக்கேன், நீ பக்கத்துல இருந்தா இந்நேரம் மண்டையில ஒரு கொட்டு கொட்டிருப்ப. சரி, மனசுக்குள்ளயே முழுசாச் சொல்லுதேன், கேளு. மூணு வருசமா உக்காந்து தேஞ்ச காலேஜ் செமினார் ஹால், பச்ச பிளாஸ்டிக் சேர், மேல ஒரு ஃபேன் கிர்ரு கிர்ருன்னு அரைக்குது, காலையில பதினோரு மணி, பெற்றோர் கூட்டம், எனக்கு முன்னால இன்னும் மூணு பேரு பேசணும், அது வரைக்கும் நேரம் இருக்கு, நீயும் போன வைக்க முடியாது. வலப்பக்கம் பெத்தவங்க வரிசை. ரெண்டாவது வரிசையில ஓரத்துல அப்பா. ஆமா, வந்திருக்காவ. லீவு போட்டுட்டு, இஸ்திரி போட்ட வெள்ளச் சட்ட, பையில தண்ணி பாட்டிலு. பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா மைக்குல ஊரே கேக்க கத்துத மனுசன் இங்க வந்து ஒரு ஆஸ்பத்திரி வெராண்டாவுல உக்காந்திருக்கவர் மாதிரி ரெண்டு கையையும் தொடைக்கு நடுவுல வச்சிக்கிட்டு உக்காந்திருக்காவ.

கூட்டம்னா வழக்கமா பிரின்சிபால் பேசுவாரு, காபி குடுப்பாங்க, கையெழுத்து வாங்குவாங்க, அப்பாமாரு வாட்சப் பாப்பாங்க. எங்க இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட் ஃப்ளாரன்ஸ் மேடத்துக்கு அது புடிக்காது. ஹார்லிக்ஸ் பாட்டில்ல சீட்டு போட்டு வச்சிருப்பாங்க, ஆளுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்த, அது என்ன அர்த்தம், எங்க பொறந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு வீட்டு ஆளுகளுக்குப் புரியுத மாதிரி தமிழ்ல சொல்லணும், அப்புறம் அந்த வார்த்தைக்கு ஒங்க வீட்டுல இருந்து ஒரு உதாரணம், புத்தகத்துல இருந்து எடுத்தா மார்க் கெடையாது, கடைசியா ஒங்க வீட்டு ஆளுகிட்ட ஒரு கேள்வி, அவங்க மைக்க வாங்கி எல்லாரும் கேக்க பதில் சொல்லணும். வருசாவருசம் வந்துட்டு வாயத் தொறக்காமப் போறீங்களே, பிள்ளைகளோட பேசுங்கன்னு மேடம் சொல்லுவாங்க. இப்ப தங்கபுஷ்பம் பேசிட்டு அவ அம்மாட்ட எனக்கு சின்னப்பிள்ளையில என்ன பலகாரம் புடிக்கும்னு கேட்டா, அந்தம்மா மைக்க வாங்கி, எதக் குடுத்தாலும் திம்பான்னு சொல்லிட்டு குடுத்துட்டாங்க, ஹாலே சிரிச்சுது. அப்பாவும் சிரிச்சாவ. பல்லு தெரியாம, ஒரு பக்கமா. அந்தச் சிரிப்ப நான் பாத்து எவ்வளவு நாளாச்சுன்னு ஒனக்குத் தெரியுமா. ஒனக்கு எப்படித் தெரியும். என் சீட்டுல வந்த வார்த்த பைன். ரஹ்மத் எட்டிப் பாத்துட்டு, ஏட்டி அது மரம்லான்னா. மரம் வேற, அதுக்கும் இதுக்கும் சொந்தபந்தம் கெடையாதுன்னேன். அப்ப என்னதான் அர்த்தம்னா. ஒருத்தர நெனச்சு ஏங்கி ஏங்கி உள்ளுக்குள்ளயே தேஞ்சு போறதுன்னேன். அவ என் மூஞ்சிய ஒரு நிமிசம் பாத்துட்டு, ஒனக்குப் போயி இதக் குடுத்தாங்களே, கடுகடுப்புன்னு ஏதாவது சீட்டு இல்லையா அந்த பாட்டில்லன்னு கேட்டா. கிள்ளிவிட்டேன். நல்லா வலிக்கக் கிள்ளிவிட்டேன்.

இப்ப யாரும் பேசுத வார்த்த இல்லக்கா அது, பழைய நாவல்ல ஜன்னல் பக்கத்துல உக்காந்து கப்பலுக்குப் போனவனுக்காகக் காத்துக்கெடக்குத பொம்பளைகளுக்கு வரும். சரி, இதுல என்ன இருக்குன்னு நெனச்சிட்டு லைப்ரரியில அந்தத் தடி அகராதியத் தொறந்தேன், நின்னுக்கிட்டே படிச்சேன், படிச்சதும் உக்காந்துட்டேன். அது ஏக்கமாப் பொறக்கல. லத்தீன்ல போயினான்னு ஒரு வார்த்த, தண்டனைன்னு அர்த்தம். அங்க இருந்து, கிறிஸ்தவ சாமியாருமாரு இங்கிலாந்துக்குப் போனப்ப கூடவே போயிருக்கும்னு எழுதியிருக்கு, பழைய இங்கிலீஷ்ல அதுக்கு வேலை அடுத்தவங்கள வதைக்கது. நான் அவள பைன் பண்ணேன்னா நான் அவளச் சித்திரவதை பண்ணேன்னு அர்த்தம். வலிக்கு இங்கிலீஷ்காரன் சொல்லுத பெயின், அதுவும் இந்தக் குடும்பந்தான். அப்புறம் முன்னூறு நானூறு வருசத்துல அது மெல்ல மெல்ல உள்ள திரும்பியிருக்கு, அடிச்ச கையில இருந்து அடிபட்ட ஒடம்புக்கு, அடுத்தவங்கள வதைக்கதுல இருந்து தானே கெடந்து வாடுததுக்கு, அதுக்கும் ரொம்பக் காலம் கழிச்சுத்தான் ஏங்குததுன்னு வந்து நிக்குது. எனக்கு அந்தப் பக்கத்தப் பாக்கவே புடிக்கல. யாரோ எந்த நாட்டுலயோ இருந்துக்கிட்டு நம்ம வீட்டுக்குள்ள எட்டிப் பாத்து எழுதுன மாதிரி இருந்துச்சு. ஏன்னா அன்னைக்கு நீ போனப்ப எனக்கு ஏக்கம் வரல, சத்தியமா வரல. கோவந்தான் வந்துச்சு. ஒரே பாய், ஒரே தலகாணி, ஒன் தலமுடி என் வாயில கெடக்கும், ஒன் பல்லுவலி மாத்திரை எந்த டப்பாவுல இருக்குன்னு எனக்குத் தெரியும், அருள் விசயம் மட்டும் எனக்குத் தெரியாது. அப்பா ஆபீஸ்ல மைக் செட் ரிப்பேர் பாக்க வந்தவன். வேற சாதி ஆளுக. அதெல்லாம் எனக்குப் பெருசா, சொல்லு. எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா பஸ்ஸு டைம் பாத்துச் சொல்லியிருப்பேன், டைம் கீப்பர் மகளுக்குத் தெரியாத டைமா. நீ சொல்லல. காலையில எந்திரிச்சா பாயில பாதி காலி. அப்பா மூணாம் நாளு போஸ்டருக்குன்னு ஒரு பேப்பரக் கொண்டுவந்து என் முன்னால வச்சு, ஒனக்குத்தான் நல்லா எழுத வரும்னாவ. அம்மா அடுப்படியில நின்னா, திரும்பிக்கூடப் பாக்கல. நான் மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். நான் என்ன நெனச்சேன் தெரியுமா. அவ பாக்கட்டும், எங்கயாவது இருந்து இதப் பாத்துட்டு அழட்டும், அழுதா வருவான்னு நெனச்சேன். வரவைக்கதுக்கு எழுதுனேன்கா. வேணாம்னு தொரத்த எழுதல. சிரிக்காத. செத்துட்டான்னு எழுதி வரவைக்கப் பாத்தவ ஒலகத்துலயே நான் ஒருத்திதான், அது எனக்கும் தெரியும்.

அப்புறம் அந்தப் பச்சத் தோளு. அதச் சொன்னப்பதான் நீ அழுத, அதுக்கு முன்னால வரைக்கும் கத்திக்கிட்டுதான் இருந்த. ஒன் ஒத்த போட்டோ ஒண்ணுகூட இல்ல, எல்லாத்துலயும் நானும் இருக்கேன். செங்கோட்டை கல்யாணத்துல எடுத்தது ஒண்ணு இருந்துச்சு, நீ என் தோள்ல கையப் போட்டுக்கிட்டு நிப்ப. கம்ப்யூட்டர்ல என்னைய வெட்டி எடுத்தேன். ஒன் கைய வெட்ட முடியல, கைய வெட்டுனா கோரமா இருந்துச்சு, அதனால கைய விட்டுட்டேன், கை எதுமேல இருக்கோ அதையும் விடவேண்டியதாப் போச்சு. அதனால போஸ்டர்ல நீ இருக்க, ஒன் கையி இருக்கு, கைக்குக் கீழ ஒரு துண்டு பச்சத் தாவணி, என் தோளு. கண்ணீர் அஞ்சலிக்குள்ள நானும் இருக்கேன், ஒரு சாண் அளவுக்கு. பஸ் ஸ்டாண்டு செவுத்துல, டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு நேர் எதுக்க ஒட்டுனாவ. நான் காலேஜுக்கு வாரப்ப தெனமும் அதத் தாண்டித்தான் வரணும், மொகத்தப் பாக்கமாட்டேன், தோளத்தான் பாப்பேன். அப்பாவுக்கு வேற வழியே இல்ல, நிமிந்தா நீ, குனிஞ்சா மைக்கு. சங்கரன்கோவில் வண்டி மூணாவது நடைமேடையில நிக்குதுன்னு சொல்லிக்கிட்டே ஒன்னையப் பாத்துக்கிட்டு இருந்திருப்பாவ. ஐப்பசி மழையில பாதி கிழிஞ்சுது. மிச்சத்த யாரோ உரிச்சு எடுத்துட்டாங்க. உரிச்சது யாருன்னு நான் கேக்கல. இந்த வீட்டுல யாரும் யாரையும் எதுவும் கேக்கதில்ல, அதுதான நம்ம வியாதி. நீயும் கேக்காமத்தான போன.

இரு, எனக்கு முந்துன ஆளு எந்திரிச்சாச்சு. எனக்குக் கையெல்லாம் ஈரம், சீட்டுல மை பரவுது. ரஹ்மத், தண்ணி குடிக்கியாட்டின்னு கேக்கா, வேண்டாம்னு தலைய ஆட்டுதேன். நான் மெயின் விசயத்துக்கு வாரேன். போன். நீ விட்டுட்டுப் போன அந்தப் பட்டன் போனு, என் காலேஜ் பைக்குள்ள, சார்ஜரோட. எனக்கு அப்பப் புரியல, எரிச்சல்தான் வந்துச்சு, போற போக்குல ஒன் குப்பைய என் தலையில கட்டிட்டுப் போயிருக்கேன்னு. ஆனா தூக்கிப் போடல. தையல் மிஷின் டிராயருக்குள்ள நூல்கண்டுக்கு அடியில வச்சிருக்கேன், ரெண்டு நாளைக்கு ஒருதடவ சார்ஜ் போடுவேன், அப்பா வேலைக்குப் போனதும் எடுத்துப் பாப்பேன். யாரும் கூப்பிடல. கம்பெனி மெசேஜ்தான் வரும், ஒங்க காலர் டியூன மாத்துங்கன்னு. ஆனா மொத மாசம் முடியுத அன்னைக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு பாத்துக்க, ஒங்க ரீசார்ஜ் வெற்றிகரமா முடிஞ்சுதுன்னு. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துட்டு. நீதான்னு நெனச்சேன். வேற யாரு. எங்கேயோ இருந்துக்கிட்டு, என் தங்கச்சிகிட்ட இந்தப் போன் இருக்கும், இது செத்துரக் கூடாதுன்னு நீ போடுத, பேசத் தைரியம் வரல, ஆனா போடுதன்னு நெனச்சேன். இருபத்தெட்டு நாளைக்கு ஒருதடவ. ஒருதடவகூடத் தவறல. காலண்டர்ல சின்னதாப் புள்ளி வச்சிக்கிட்டு வருவேன், அந்த நாளு வந்தா காலையில இருந்தே சோறு எறங்காது, மெசேஜ் வந்ததும் மிஷின் பக்கத்துல உக்காந்து அந்த ஒரு வரிய பத்து தடவ படிப்பேன், அது ஒன் லெட்டரு மாதிரி. பதினாலு மாசம் நான் அத வச்சுத்தான் ஓட்டுனேன்கா, நீ ஏன் கூப்பிடலன்னு ஆங்காரம் வாரப்பல்லாம், ஆனா ரீசார்ஜ் பண்ணுதால்லான்னு எனக்கு நானே சொல்லிக்கிடுவேன். நேத்து நீ மூச்சு வாங்குன இடைவெளியில நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான், பழைய நம்பருக்கு நீதான போடுதன்னு. நீ என்ன சொன்ன. எந்த நம்பரு, அது அன்னைக்கே செத்திருக்கும்லா, நான் அதுக்குக் கூப்பிட்டே பாக்கலைன்னு சொன்ன. கூப்பிட்டே பாக்கல. ஒரு தடவ. ஒரே ஒரு தடவ ஒன் நம்பர நீ அடிச்சுப் பாத்திருந்தா நான் எடுத்திருப்பேன், மொத மணியிலயே எடுத்திருப்பேன். நீ சொல்லிட்டு மறுபடி போஸ்டருக்குப் போயிட்ட, செத்தவ எப்படிட்டி தலப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவா, சொல்லுன்னு கேட்ட, வச்சுட்ட. நான் ரஹ்மத் போனக் கையில வச்சிக்கிட்டே நின்னேன். என் பதினஞ்சு புள்ளியும் போச்சு.

அப்பப் போட்டது யாரு. ராத்திரி முழுக்கத் தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி கெடந்தேன், ஏன்னா வீட்டுல மிச்சம் இருக்கது ரெண்டு பேரு, அம்மாவுக்கு அந்த நம்பரே தெரியாது. காலையில அப்பாவுக்கு முன்னாலயே கெளம்பி பஸ் ஸ்டாண்டுல எறங்கி பீர்முகமது அண்ணாச்சி கடைக்குப் போனேன், டைம் ஆபீசுக்கு ஒட்டுன கடை. அண்ணாச்சி, எங்க அப்பா யாருக்காவது ரீசார்ஜ் போடுவாவளான்னு கேட்டேன். அவரு என்னையப் பாக்காம சாக்லேட் டப்பாவத் தொடச்சிக்கிட்டே, போடுவாவ, மாசாமாசம் போடுவாவ, நம்பர எழுதிக்கூட வச்சிக்கிடமாட்டாவ, மனப்பாடமாச் சொல்லுவாவ, யாரு நம்பருன்னு நான் கேட்டதில்ல, ஏன்னா எனக்குத் தெரியும்னாரு. அப்புறம், நீ கேட்டன்னு நான் சொல்லமாட்டேன் தாயி, நானே சொல்லக்கூடாதத சொல்லுதேன், செண்பகம் திருப்பூர் வண்டியிலதான் ஏறுனான்னு யாரோ சொன்னதுல இருந்து, அந்த வண்டி வந்தா மட்டும் ரெண்டு தடவ மைக்குல சொல்லிட்டு வெளிய வந்து கடைசி ஆளு எறங்குத வரைக்கும் நின்னுட்டுத்தான் உள்ள போவாவன்னாரு. நான் அந்த எடத்துல அழல. எனக்கு அழுகை வரல, அந்தப் பழைய கோவந்தான் வந்துச்சு, அன்னைக்கு வந்த அதே கோவம். நான் சார்ஜ் போடுதேன், அவரு ரீசார்ஜ் போடுதாரு, ஒரே வீட்டுக்குள்ள, ஒரே போனுக்கு, ஒருத்தருக்கொருத்தர் தெரியாம, நீ அது செத்துட்டுன்னு நெனச்சு கூப்பிடவே இல்ல. இதுக்கு யாரப் போயி அடிக்க. ஒன்னையா, அவரையா, என்னையா. அவரு ஒன்னையக் கொன்னாரு, கொன்னுட்டு மாசாமாசம் உசுரு ஊத்துனாரு. அகராதியில அந்த வார்த்த உள்ள திரும்புததுக்கு முன்னூறு வருசம் ஆச்சு, அவருக்கு இருபத்தெட்டு நாளுதான் ஆயிருக்கு. ஆனா ஊருக்குத் தெரிய ஒட்டுனவரு ஊருக்குத் தெரியாமத்தான திரும்புதாரு, அதுதான் எனக்கு ஆகமாட்டேங்கு. செவுத்துல ஒட்டுனத யாரும் இல்லாத நேரத்துல உரிச்சா ஆச்சா.

நீ பயப்படுத, எனக்குத் தெரியுது, வேண்டாம்ட்டி, அப்பாட்ட சபையில வச்சு இதக் கேக்காத, அவமானம் தாங்கமாட்டாவன்னு சொல்லுவ. வீட்டுல கேட்டுப் பாத்துருக்கேன்கா, வேற எதையோ கேக்க மாதிரி கேட்டுப் பாத்துருக்கேன், சட்டையப் போட்டுட்டு வெளிய போயிருவாவ. இங்க எந்திரிச்சுப் போனா எல்லாரும் பாப்பாங்க. அதுவும் நடக்கலாம். எந்திரிச்சுப் போயிரலாம். இல்ல மைக்க வாங்கி எனக்கு ஒரு மகதான்னு சொல்லிரலாம், அப்படிச் சொன்னா நான் அந்த எடத்துலயே என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது, வேண்டாம், வேற கேள்வி கேப்போமா, எனக்குப் புடிச்ச பலகாரம் என்னப்பான்னு கேட்டுட்டு உக்காந்துருவோமா, எல்லாரும் சிரிப்பாங்க, அப்பாவும் அந்த ஒரு பக்கச் சிரிப்பு சிரிப்பாவ, வீட்டுக்குப் போவோம், டிராயரத் தொறப்பேன், நீ அங்க வயித்தத் தூக்கிக்கிட்டு தனியா ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ புடிப்ப. மேடம் என் பேரச் சொல்லுதாங்க. ஆவுடைச்செல்வி. ரஹ்மத் முதுகுல ஒரு தட்டு தட்டுதா, போயிட்டு வாட்டி, கடுகடுப்புன்னு. காலு நடக்குது. மைக்கு கனமா இருக்கு, அப்பா தெனமும் இதத்தான் புடிச்சிருக்காவ. பைன்னா என்னன்னு சொல்லிட்டேன், லத்தீன சொல்லிட்டேன், தண்டனைய சொல்லிட்டேன், உள்ள திரும்புனத சொல்லிட்டேன், குரலு எங்கேயோ போயி எங்கேயோ வருது, பின்வரிசையில யாரோ ஒரு அம்மா தலைய ஆட்டுதாங்க. ஒங்க வீட்டு உதாரணம் சொல்லும்மான்னு கேக்காங்க மேடம்.

எங்க வீட்டுல ஒரு போன் இருக்கு. எங்க அக்கா செண்பகத்தோட போன். அவ செத்துட்டான்னு பதினாலு மாசம் முன்ன போஸ்டர் அடிச்சோம், எழுதுனது நான். அந்தப் போனுக்கு நான் சார்ஜ் போடுதேன். அதுக்கு மாசாமாசம் வேற ஒருத்தர் ரீசார்ஜ் போடுதாவ. அக்கா திருப்பூர்ல உயிரோட இருக்கா, எட்டு மாசப் பிள்ளத்தாச்சி. இதுதான் என் உதாரணம். இப்ப கேள்வி. அப்பா, எந்திரிங்க. கீழ பாக்காதிய, என்னையப் பாருங்க. செத்துப்போனவ நம்பரு ஒங்களுக்கு எதுக்கு மனப்பாடமா இருக்கு. எந்த வண்டி எப்ப வரும், எந்த நடைமேடையில நிக்கும்னு ஊருக்கே சொல்லுதியளே, இந்தாங்க, மைக்கப் புடிங்க, எங்க அக்கா நம்ம வீட்டுக்கு வரலாமா கூடாதா, எல்லாரும் கேக்கச் சொல்லுங்க.